ஒரே பணப்பெட்டி, இரண்டு பள்ளிக்கூடம்



பள்ளிக்கூடங்களை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று நினைக்கிறேன். ஒரு ஊரில் இரண்டு சர்க்கார் ஹைஸ்கூல்கள் இருந்தால், "எதில் எத்தனை பேர் பாஸ்?" என்பதுதான் நாம் முதலில் கேட்கும் கேள்வி. குறைவாகப் பாஸ் செய்த பிள்ளைகளைப் பார்த்து, "அதுகளுக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள், அந்தப் பள்ளிக்கான பணம் யார் கையில் இருந்தது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? இதை விளக்க அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் பிரின்ஸ் எட்வர்டு என்று ஒரு சிறு ஜில்லா இருக்கிறது. அதன் தலைநகர் பார்ம்வில் என்னும் சிற்றூர். 1951-இல் அங்கு பள்ளி நிர்வாக போர்டு ஒன்று. வரிப்பண மூட்டையும் ஒன்று. ஆனால் பார்ம்வில் ஊரில் ஹைஸ்கூல் மாத்திரம் இரண்டு. பார்ம்வில் ஹைஸ்கூல் வெள்ளையருக்கு. மோட்டன் ஹைஸ்கூல் கறுப்பருக்கு. "பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக வைக்க வேண்டும்" என்பது 1896 முதல் அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு ஒப்புக்கொண்ட சட்டம்.

அந்தச் சமத்துவத்தின் யோக்கியதையைப் பாருங்கள். வெள்ளையர் பள்ளியில் தேகப்பயிற்சிக் கூடம் உண்டு, சாப்பாட்டுக் கூடம் உண்டு, நாற்காலிகள் பொருத்திய சபா மண்டபம் உண்டு. மோட்டன் பள்ளியில் இவற்றில் ஒன்றும் கிடையாது. 1939-இல் 180 பிள்ளைகளுக்கென்று கட்டிய கட்டடத்தில் 1951-இல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதவில்லை என்று பெற்றோர் முறையிட்டபோது, போர்டார் மரச்சட்டத்தின்மேல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பார்ப்பவர்கள் கோழிக் கூண்டு என்றே நினைக்கும்படி இருந்தன அவை. குளிர் காலத்தில் அடுப்புக்கு அருகில் இருப்பவன் வேகுவான். தூரத்தில் இருப்பவன் கம்பளிச் சட்டையோடு நடுங்குவான். சரித்திரம் போதிக்கிற உபாத்தியாயரே பஸ்ஸும் ஓட்டி, அடுப்புக்கு விறகும் போட வேண்டும். அந்தப் பஸ்களோ வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்துத் தள்ளியவை.

தோழர்களே! இந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் மார்க்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கறுப்பனுக்கு அறிவு மட்டு" என்று சொல்பவனுக்கு அறிவு இருக்கிறதாக நாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

பெரியவர்கள் மனுப் போட்டுப் போட்டுச் சலித்திருந்த வேளையில், 16 வயதுப் பெண் ஒருத்தி துணிந்தாள். அவள் பெயர் பார்பரா ஜான்ஸ். 1951 ஏப்ரல் 23-ந் தேதி, தலைமை உபாத்தியாயரை ஒரு பொய் டெலிபோன் செய்தியால் வெளியே போகச் செய்துவிட்டு, பிள்ளைகளை எல்லாம் கூட்டி, நல்ல பள்ளிக்கூடம் கட்டித் தரும் வரையில் வகுப்புக்குப் போவதில்லை என்று வேலைநிறுத்தம் செய்ய வைத்தாள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்னும் வக்கீல்கள் வந்தார்கள். "நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், பிரித்து வைப்பதே கூடாது என்று கேட்பதானால் வருகிறோம்" என்று சொன்னார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சம்மதித்தார்கள். 117 பிள்ளைகளின் பேரால் வழக்குத் தாக்கலாயிற்று.

1952-இல் கீழ்க்கோர்ட்டு என்ன சொல்லிற்று தெரியுமா? கட்டடங்கள் சமமில்லைதான், அதைச் சரிப்படுத்துங்கள். ஆனால் பிரித்து வைப்பது துவேஷத்தினால் அல்ல, அது இந்நாட்டு மக்களின் நெடுநாளைய பழக்க வழக்கம் என்பதாகச் சொல்லிற்று. பார்த்தீர்களா! பகுத்தறிவுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் எல்லாம், எந்தத் தேசத்திலும், இந்த "வழக்கம்" என்பதுதான் முன்னே வந்து நிற்கிறது. நம்மிடம் தலைவிதி என்றும் பூர்வ ஜன்ம கர்மம் என்றும் சொல்கிறார்கள். அங்கே வழக்கம் என்றார்கள். பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றே.

நிற்க. 1953-இல் மோட்டனுக்குப் புதுக் கட்டடமும் வந்துவிட்டது. "இனி என்ன குறை?" என்று சிலர் கேட்கலாம். மேலே கேளுங்கள். இந்த வழக்கும் மற்ற நான்கு வழக்குகளும் சேர்ந்து, 1954 மே 17-ந் தேதி, பொதுப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று உயர்ந்த கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஜில்லா அதிகாரிகள் ஐந்து வருஷம் இழுத்தடித்தார்கள். 1959-இல், இனித் தப்ப வழியில்லை என்று ஆனவுடன், பள்ளிக்கு வரியே போடுவதில்லை என்று சொல்லி, ஜில்லாவில் உள்ள பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டினார்கள்! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று ஏற்பட்டது. கறுப்பர் பிள்ளைகள் சுமார் 1,700 பேர் தெருவில் நின்றார்கள். சிலர் உறவினர் வீட்டுக்கும் வேறு மாகாணங்களுக்கும் போய்ப் படித்தார்கள். பலருக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது. சம்பளம் கட்ட இயலாத ஏழை வெள்ளையர் பிள்ளைகளிலும் சிலர் படிப்பிழந்தார்கள். பிறனைக் கீழே வைக்க வேண்டும் என்கிற வெறி, தன் இனத்து ஏழையையும் பார்ப்பதில்லை என்பதற்கு இது போதாதா?

1964-இல், வரி போட்டுப் பள்ளிகளைத் திறக்கும்படி அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தலாம் என்று உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன பிறகே கதவு திறந்தது. ஐந்து வருஷப் படிப்பை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்? 2004-இல் வர்ஜீனியா சர்க்கார், அன்று படிப்பிழந்தவர்கள் படிக்க உபகாரச் சம்பளத் திட்டம் ஏற்படுத்தியது. அதற்குள் அந்தக் குழந்தைகளுக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆகவே தோழர்களே, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கட்டடம் சமமானால் மாத்திரம் சமத்துவம் வந்துவிடாது. பணப்பெட்டியின் சாவி ஒரு கூட்டத்தார் கையிலேயே இருக்குமானால், அவர்கள் கொடுத்த கட்டடத்தை அவர்களே பூட்டவும் முடியும். உங்கள் ஊரில் இரண்டு பொதுப் பள்ளிகள் இருந்தால், பாஸ் ஜாபிதாவைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள், தண்ணீர்க் குழாயைப் பாருங்கள், கக்கூசைப் பாருங்கள், உபாத்தியாயர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அதோடு நின்றுவிடாமல், பணம் ஒதுக்குகிற மேஜையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தங்கள் பிள்ளைகளை அவர்கள் எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பின்பு பிள்ளைகளின் அறிவைப் பற்றிப் பேசலாம்.

16 வயதுப் பெண் கேட்ட கேள்வியை நாம் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.