நல்லதங்காளின் தாய்வீடு



1922-இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கிய நல்லதங்காள் கதையில், பஞ்சத்தினும் கொடியது தாய்வீட்டுக் கனவே என்பது என் துணிபு. ஏழு மக்களோடு பசித்து நடப்பவளைத் தாங்குவதும் அக்கனவே. மூளி அலங்காரி சாத்திய கதவில் நொறுங்குவதும் அதுவே. (அண்ணியைப் பழித்துவிட்டு நாமும் எழுந்து போய்விடுகிறோம்!) பின்னர்க் கிணறே அவளுக்குப் புகலிடமாகத் தோன்றுகிறது.

டென்னசி வில்லியம்ஸ் 1944-இல் மேடையேற்றிய ‘கண்ணாடி விலங்குகள்’ நாடகத்திலும் வறுமை உண்டு. பழங்கனவில் வாழும் தாய் உண்டு. ஆனால் அங்கே மகன் டாம் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறான். நம் கதையிலோ, உயிருக்குக் கெஞ்சித் தப்பியோடும் மூத்த மகனையும் தாயே பிடித்துக் கிணற்றில் வீசுகிறாள். கொட்டகையில் தாய்க்காக அழுதோர் பலர். அச்சிறுவனுக்காக நம் வட்டத்தில் ஒருவரேனும் பாட வேண்டும்.