பிரஷரும் வெண்குழியங்களும்



எங்கள் உயர்தர உயிரியல் கொப்பியில் குருதியமுக்கம் ஒரு பாடம், நிர்ப்பீடனம் இன்னொரு பாடம். இரண்டையும் தொடுத்துப் படித்ததாக எங்களுக்கு நினைவில்லை.

சிறுநீரகத்துக்கு வரும் குருதி குறைந்தால் அது ரெனினைச் சுரக்கும். 1898இல் ஸ்டொக்ஹோமில் ரிகர்ஸ்ரெட்டும் பேர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டது இதைத்தான். ரெனின் தொடக்கிவைக்கும் வேலையின் முடிவில் அஞ்சியோரென்சின் 2 என்ற ஓமோன் உருவாகும். அது குருதிக்கலன்களைச் சுருக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேங்கச் செய்யும். இவ்வளவும் சோதனைக்காக நாங்கள் பாடமாக்கியதுதான்.

2007இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் குஸிக், ஹரிசன் குழுவினர் ரி கலங்களும் பி கலங்களும் இல்லாத எலிகளுக்கு இந்த ஓமோனைக் கொடுத்தார்கள். மற்ற எலிகளில் ஏறிய அளவுக்கு அவற்றில் அமுக்கம் ஏறவில்லை. ரி கலங்களை மட்டும் உட்செலுத்தினார்கள், ஏறியது. பி கலங்களைச் செலுத்தியபோது அப்படி நடக்கவில்லை.

காரணம் என்ன? ரி கலத்திலும் இந்த ஓமோனைப் பிடிக்கும் வாங்கி இருக்கிறது. தூண்டப்பட்ட கலங்கள் குருதிக்கலன்களைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் சிறுநீரகத்திலும் போய்க் குந்திக்கொண்டு அழற்சியை மூட்டுகின்றன. கிருமியை விரட்ட வேண்டிய காவற்காரர் சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கிற கதை. எலி எலிதான், இதற்காகப் பிரஷருக்கு நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து கொடுப்பதில்லை. ஆனால் லொசார்ட்டன் மறிப்பது அந்த வாங்கியைத்தான். எனலப்ரில் ஓமோன் உருவாவதையே குறைக்கிறது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர், "தலைச்சுற்று இல்லைப் பிள்ளையள், பிறகேன் குளிசை?" என்று நிறுத்திவிட்டார். எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன நாங்கள் மூவரும் அப்போது பக்கத்தில் இருந்தோம், சிரித்துவிட்டு வந்தோம். அடுத்த முறை அவரைக் கண்டது சிறுநீரக கிளினிக்கில். அவருடைய உடலில் எந்தக் கலம் என்ன செய்தது என்று நாங்கள் சொல்ல முடியாது. தலைச்சுற்று இல்லாத நாட்களிலும் சேதம் நடக்கும் என்று அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனலப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த இரண்டு குளிசைகளும் கர்ப்பகாலத்தில் கூடாது. குழந்தைக்கு ஆயத்தமாகும் தங்கைமார் முன்கூட்டியே கேளுங்கள்.

மண்டப வாசலில் பிரஷர் பார்க்க மேசை போட்டிருக்கிறோம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்துவிட்டு வாருங்கள், அது இந்தக் கூட்டத்தில் கஷ்டம்தான். தேநீர் பிறகு. அக்காமார் முதலில்.