பேறுகால அச்சமும் பயிற்சி வகுப்பும்



கர்ப்பிணிகளுக்கான பயிற்சி வகுப்புக்குப் போகலாமா என்று தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்கள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். வீட்டில் யாரோ ஒருவர் தொடக்க நூல் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டிவிடுகிறார். ஏவாளுக்கு ஆண்டவர் விதித்த வேதனையைக் குறைக்கப் பார்ப்பது தப்பில்லையா என்பது கேள்வி.

இதற்குத் திருச்சபை பதில் சொல்லி வெகுகாலம் ஆகிறது. அச்சத்தால் உடல் இறுகுகிறது, இறுகிய உடலில் வலி கூடுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் எழுதினார். சோவியத் மருத்துவர்கள் பாவ்லோவின் ஆய்வுகளைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார்கள். 1951இல் அங்கே போய்ப் பார்த்த லமாஸ் அதைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். நாத்திக நாட்டுச் சரக்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். 1956 ஜனவரி 8 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் பேசியபோது, அந்த முறையில் அறநெறிக்கு மாறானது எதுவுமில்லை என்றார். பேற்றை எளிதாக்கும் வழிகளைத் தாய்மார் நாடுவதைக் கடவுள் தடுக்கவில்லை என்றும் விளக்கினார்.

அதே அதிகாரத்தில் ஆதாமுக்கு நெற்றி வியர்வை விதிக்கப்பட்டது. டிராக்டர் வாங்கியவரை யாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவதில்லையே!

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? கருப்பை வாய் எப்படித் திறக்கிறது, பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது, வலி எடுக்கும்போது மூச்சை எப்படி விடுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, இவைதாம். வலியே இராது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். மூச்சுப் பழகியும் வலி தாங்காமல் கத்தியவளோ, அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவளோ தோற்றவள் அல்ல.

பிரசவத்தில் இறந்துபோன அக்காளையோ சித்தியையோ நினைத்து நடுங்கும் பெண்ணை, "ஜெபம் பண்ணு, போதும்" என்று அனுப்பிவிடாதீர்கள். அவள் பயம் விசுவாசக் குறைவு அல்ல. கெத்சமனியில் நம் ஆண்டவரும் கலங்கினார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள், ஜெபம் பிறகு சேர்ந்து செய்யலாம்.

எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் நடக்கையில் போன மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. உதவி செய்யப் போனார் என்றே நாங்கள் பிரசங்கம் வைக்கிறோம். தாமும் கருவுற்றிருந்த அந்த இளம்பெண், வயது முதிர்ந்த உறவினரின் கடைசி மாதங்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டதும் நிறைய இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமியார்மாரே, மருமகளோடு நீங்களும் ஒருநாள் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். கணவன்மார் பெரும்பாலும் வாசலில் பைக்கின்மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள்.