காய்ச்சல் விட்ட பிறகு

டெங்கு வந்த வீட்டில் எப்போதும் ஒரு கேள்வி எழும். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, பிளேட்லெட் ஏன் இப்பக் குறையுது?"

ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில். அங்குள்ள ஸ்டெம் செல்களிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் பிறக்கின்றன. டெங்கு வைரஸ் காய்ச்சலின் முதல் நாட்களிலேயே மஜ்ஜையின் வேலையை மந்தமாக்கிவிடுகிறது.

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். களிமண் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டுப் பொம்மை எடுப்பார்கள். ஊற்றுகிறவர் இன்று வராவிட்டால் கடையில் இன்றே பொம்மை தீராது. சில நாள் கழித்துத்தான் அலமாரி காலியாகும். பிளேட்லெட்டும் அப்படித்தான். இருக்கிற பிளேட்லெட்டும் உடம்பில் அழிகிறது, அது தனிக் கணக்கு.

பிளேட்லெட் ஆகக் குறைந்திருக்கும் நாளில், மஜ்ஜை பெரும்பாலும் மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். ஆனால் காய்ச்சல் விட்ட அந்த ஓரிரு நாள்தான், ஆமாம், விட்ட பிறகுதான், கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு: எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.