பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

(அறக்கட்டளையின் கணினி வகுப்பில் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் செயலாளர் ஆற்றிய உரை)



சில மாதங்களாக நம் அலுவலகத்திற்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இனி இது உதவாது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?" பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுக்க வேண்டிய நிலைமை சில வீடுகளில் இருக்கிறது. அதனால்தான் இன்று இதை விரிவாகப் பேசுகிறோம்.

முதலில், கடைக்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்காக மறுநாளே கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வராது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. அடுத்ததான விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு முதல்தான் ஏற்றுக்கொள்கிறது. 2015, 2016இல் வாங்கிய கணினி நல்ல நிலையில் இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

இன்னொரு வழியையும் சில கடைகளில் காட்டுவார்கள். உரிமம் வாங்காத விண்டோஸைப் போட்டு, ஒரு சிறு மென்பொருளை ஓட்டி "ஆக்டிவேட்" செய்து தருவார்கள். அதற்காக முதலில் வைரஸ் தடுப்பை அணைத்து வைப்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே என்ன நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். வியாபாரத்தில் எடைக்கல்லைச் சரிபார்க்கிற நாம், இதைப் பார்த்தும் பாராமல் விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே நாம் இந்த வகுப்பில் எடுத்துக்கொண்டிருப்பது லினக்ஸ் மின்ட். இலவசம், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. குறைந்தது 2 ஜி.பி. ராம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. ஹார்ட் டிஸ்கில் 20 ஜி.பி. இடம் கேட்கும். இப்போதைய 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான்.

இதைக் கணினியில் ஏற்ற, முதலில் அதைத் தாங்கிய ஒரு பென் டிரைவ் வேண்டும். முன்பெல்லாம் சி.டி.யே போதும். 2005 முதல் 2011 வரை உபுண்டு லினக்ஸ் சி.டி.யைக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். 700 எம்.பி.க்குள் எல்லாம் அடங்கிய காலம் அது. இன்று மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. என்பதால் டி.வி.டி. அல்லது 8 ஜி.பி. பென் டிரைவ் தேவை.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், கவனமாகக் கேளுங்கள். பதிவிறக்கம் செய்த ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பாட்டு, படம் காப்பி செய்வதுபோல் பென் டிரைவில் போட்டால் வேலை செய்யாது. கணினியை இயக்கியவுடன் மதர்போர்டில் உள்ள ஒரு சிறு நிரல்தான் முதலில் விழிக்கிறது. "எந்த டிஸ்கில் தொடங்கும் நிரல் இருக்கிறது?" என்று அதற்குரிய இடத்தில் மட்டும் தேடுகிறது. பழைய கணினியில் அது டிஸ்கின் முதல் 512 பைட். புதியவற்றில் குறிப்பிட்ட ஒரு கோப்புறை. ஐ.எஸ்.ஓ. என்பது கட்டிய பார்சல். பார்சலை அப்படியே அலமாரியில் வைத்தால் உள்ளே இருப்பது யாருக்கும் உதவாது. பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அடுக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ரூஃபஸ் என்ற சிறிய இலவச மென்பொருள். விண்டோஸில் நிறுவாமலே ஓடும். பென் டிரைவைச் செருகுங்கள். மேலே காட்டுவது அதே பென் டிரைவ்தானா என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பைத் தேர்ந்தெடுத்து "ஸ்டார்ட்" அழுத்தினால் ஒரு கேள்வி வரும். அதில் பரிந்துரைக்கப்பட்ட முறையையே விடுங்கள். தொடங்க மறுத்தால் மறுமுறை டி.டி. முறையில் எழுதலாம். பென் டிரைவில் முன்பு இருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். டி.வி.டி.யில் எழுதுகிறவர்கள் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து "பர்ன் டிஸ்க் இமேஜ்" என்பதைக் கொடுக்க வேண்டும். பதிவிறக்கம் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இருக்கட்டும். அங்கே தரும் எஸ்.எச்.ஏ. 256 என்ற நீண்ட எண்ணோடு நம் கோப்பின் எண்ணை ஒப்பிட்டால், இடையில் கோப்பு கெட்டதா, யாராவது மாற்றினார்களா என்பது தெரிந்துவிடும்.

தயாரான பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கும்போதே பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வரும். இதுவரை உங்கள் ஹார்ட் டிஸ்கை யாரும் தொடவில்லை. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று ஆற அமரப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டு எடுத்துவிடலாம். விண்டோஸே தொடங்காமல் கிடக்கும் கணினியில்கூட இந்தத் திரையில் நின்றுகொண்டு பழைய கோப்புகளை வேறு டிஸ்கிற்கு எடுத்துவிட முடிகிறது. ஹார்ட் டிஸ்க் பழுதாகாமல் இருக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணும் வேண்டும். விண்டோஸ் ஓடுகிற கணினியாக இருந்தால், கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி "ஷட் டவுன்" கொடுங்கள். இல்லையேல் அது அரைத்தூக்கத்தில் இருந்து, டிஸ்கில் எழுத விடாது.

இனி "இன்ஸ்டால்". இதில் ஒரே ஒரு இடத்தில்தான் ஆபத்து. "டிஸ்கை அழித்து நிறுவு" என்று ஒரு வரி வரும். "எங்கள் போட்டோவெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, சி டிரைவ் அழிந்தால் போகட்டும்" என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். சியும் டியும் இரண்டு பெட்டிகள் அல்ல. பல வீட்டுக் கணினிகளில் ஒரே டிஸ்கின் நடுவே போட்ட கோடுதான். அந்த வரியைத் தேர்ந்தால் கோட்டோடு சேர்த்து எல்லாம் போய்விடும். பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள், நிக்காஹ் வீடியோ, இறந்துபோன வாப்பாவின் குரல், வீட்டுப் பத்திர நகல் எல்லாம் அதில்தான் இருக்கும். முதலில் வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகே தொடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கணினியை விற்கும்போதோ நம் அறக்கட்டளைக்குத் தரும்போதோ "ஃபார்மட் செய்துவிட்டோம்" என்கிறார்கள். சாதாரண ஃபார்மட்டில் பெரும்பாலும் அட்டவணை மட்டுமே அழிகிறது. மீட்கும் மென்பொருள் கொண்டு வீட்டுப் பெண்களின் படங்களை வெளியே எடுத்துவிட முடியும். டிஸ்க் முழுவதும் மேலே எழுதித்தான் அழிக்க வேண்டும், அல்லது டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் அதற்கென்று உள்ள அழிப்புக் கட்டளை வேண்டும்.

எல்லோரும் மாறுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் அந்தக் கணினியைத் தொட வேண்டாம். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஃபோட்டோஷாப்பும் அப்படியே. படிக்கும் பிள்ளைக்கு லிப்ரே ஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் போதும். தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துரு கோப்பையும் மறக்காமல் பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரியும்.

இன்ஷா அல்லாஹ், வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு இதே அறையில் செய்து காட்டுவோம். பெண்களுக்குச் சனிக்கிழமை காலை தனியாக, நம் ஆசிரியை நடத்துவார். காலியான 8 ஜி.பி. பென் டிரைவும் லேப்டாப்பின் சார்ஜரும் கொண்டு வாருங்கள். பிரதி எடுக்காத கணினியில் "இன்ஸ்டால்" அழுத்த நாங்கள் யாரையும் விடமாட்டோம். எடுத்து வராதவர்களுக்கு அன்று பிரதி எடுப்பது மட்டுமே வேலை.