தலைப்பாகையும் தொப்பியும்



அல்சூரிலும் சிறீராமபுரத்திலும் குடியேறி வாழும் நம்மில் எத்தனை பேர் வைகுண்டரை அறிவோம்? 1809-இல் சாமித்தோப்பில் பிறந்தவர். இன்று அது குமரி மாவட்டம்; அன்று திருவாங்கூர் மன்னராட்சி. நாடார்களுக்குத் தலைவரி, கூலியில்லா ஊழியம். ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண் மார்பை மறைக்கக்கூடாது.

வைகுண்டரோ, தலைப்பாகை கட்டி வழிபட வாருங்கள் என்றார். எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்றார். (நம் தெருக் கல்யாணங்களில் சாதி பார்த்துப் பந்தி போடுவோர் கவனிக்க!) மன்னரையே நீசன் என்றார். விடுவார்களா? திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை. "என் சாதிக்குள் மட்டும் பேசுவேன் என்று எழுதிக்கொடு, விடுகிறோம்" என்றார்களாம். அவர் மறுத்தார் என்பது அவர் வழியினர் சொல்லும் செய்தி. 1839-இல் வெளியே வந்தவர், 1851-இல் மறையும்வரை மாறவில்லை.

அமெரிக்காவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் அன்று நீதிபதி முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். இங்கே கட்டாதே என்றான். அங்கே கழற்று என்றான். ஆணவம் ஒன்றுதான்! அவர்களுள் மேரி டையர் என்ற அம்மையாரைப் பாஸ்டனிலிருந்து விரட்டினார்கள், திரும்பி வந்தார். 1660-இல் தூக்குமேடையிலும், "ஊர் போய்விடு, உயிர் பிழைப்பாய்" என்றார்கள். மறுத்தார், தூக்கிலிட்டார்கள்.

வைகுண்டர் வழியினரின் நிழல்தாங்கல்களில் சிலை கிடையாது. ஆண்கள் இன்றும் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள்.