வழிநடையும் வகுப்பறையும்



பண்டை மக்கள் ஏன் பயணம் செய்தனர் என்பது வரலாற்று வகுப்பின் வினாவாகவும், ஐந்திணை என்பது இலக்கிய வகுப்பின் பாடமாகவும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்திற்கு வயல், நெய்தலுக்குக் கடல் என மாணவர் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். ஒரு நிலத்தினின்று மற்றொரு நிலத்திற்கு மனிதன் ஏன் நடந்தான் என்று வினவினால் அமைதியே விடையாகிறது. அட்டவணையில் தனித்தனிக் கட்டங்களாக நிற்கும் இந்நிலங்கள், மண்ணில் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன என்பது அவர்களுக்கு உணர்த்தப்படவில்லை.

இதனை உணர்த்த ஒரு பிடி உப்பு போதும். உப்பு நெய்தலில் விளைவது. நெல் மருதத்தில் விளைவது. இரண்டுமின்றி எந்நிலத்தாரும் வாழ்தல் அரிது. ஆகவே உமணர் உப்பு மூட்டைகளை வண்டியிலேற்றிக் குடும்பத்தோடு உள்நாடு சென்று, நெல்லுக்கு உப்பை மாற்றினர். மேடு பள்ளங்களில் அச்சு முறியக்கூடும் என்று கருதி, மாற்று அச்சொன்றை வண்டியின் கீழே கட்டிக்கொண்டனர். இதனைப் புறநானூறு காட்டுகிறது. அந்த மாற்று அச்சு ஏன் தேவைப்பட்டது என்று மாணவரைக் கேட்டால், அவர்களே பாதையின் இயல்பைச் சொல்லிவிடுவர்.

அடுத்து ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. வறுமையுற்ற கலைஞர் வள்ளலை நாடிச் செல்லும் வழியை அவற்றுள் பெரும்பாலானவை கூறுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் மீனும், வேலூரில் ஆமான் இறைச்சியோடு சோறும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கின்றன. நிலம் மாற உணவு மாறுகிறது. செங்கண்மாவை நோக்கிச் செல்லும் மலைபடுகடாமோ, பன்றிக்கு வைத்த பொறியையும், பாம்பு உறையும் குழியையும், தினைப்புனத்திலிருந்து வந்து விழும் கவண் கல்லையும் எச்சரிக்கிறது. மாவட்ட வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு இவற்றைக் கற்பித்தால் செய்யுளும் நிலவியலும் ஒருங்கே விளங்கும்.

நெடுவழிகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், சேர நாட்டுக் கடற்கரையைக் கொங்கு நாட்டோடு இணைத்தது. நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் தொழிலின் தடயங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. மலையைக் குடைந்தா சென்றனர் என்று கேட்கும் சிறுவனுக்கு, மலை விட்ட இடைவெளியே வழியாயிற்று என்பதை வரைபடம் விளக்கும்.

இறுதியாகப் பாலை. மழை பொய்த்து வேனில் முற்றியபோது முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். அந்த வெம்மையை ஏன் கடந்தனர்? ஓதல், தூது, பகை, பொருள் முதலியவற்றைப் பிரிவிற்குக் காரணங்களாகத் தொல்காப்பியம் எண்ணுகிறது. இவற்றை மனப்பாடம் செய்விப்பதற்கு முன், வகுப்பிலுள்ள பிள்ளைகளைச் சற்று நோக்க வேண்டும். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்க, பாட்டியிடம் வளரும் சிறுமி அங்கே இருக்கலாம். செங்கற்சூளைக்குப் பெற்றோர் சென்றதால் பாதி ஆண்டு பள்ளிக்கு வாராத சிறுவனும் இருக்கலாம். பொருள்வயிற் பிரிவு என்பதன் பொருளை உரையாசிரியரினும் அவர்கள் நன்கு அறிவர்.

அவர்களிடம் துருவிக் கேட்டுப் புண்படுத்துதல் ஆகாது. ஆயினும், பாடலில் வழியை நோக்கிக் காத்திருப்பவர் தம்மைப் போன்றவரே என்று அவர்கள் தாமே கண்டுகொள்ள ஆசிரியர் இடமளிக்கலாம். அதற்கு வகுப்பில் வேண்டுவன ஒரு வரைபடமும், விடைக்குப் பொறுமையோடு காத்திருக்கும் மனமுமே. மதிப்பெண்ணுக்காகப் படித்த ஐந்திணை தேர்வோடு மறந்துபோகும். தம் வீட்டாரின் வழியாக அறிந்த பாலை வாழ்நாள் முழுதும் உடன் வரும். அவ்வாறு கற்பிக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வருதல் வேண்டும்.